ஹெட்டைத் திறப்பதற்கு முன்: பழைய பைக்கில் கம்ப்ரஷன் எந்த வழியாகப் போகிறது?

கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். பிஸ்டன் காற்றை அழுத்துவதால் வரும் அந்த எதிர்ப்புதான் கம்ப்ரஷன். நல்ல எஞ்சினில் அந்த இடத்தில் உடம்பின் எடையை வைத்தாலும் ஓரிரு நொடி தாங்கிவிட்டுத்தான் வழிவிடும். இந்தப் பதிவில் வரும் எஞ்சினில் அந்த எதிர்ப்பே இல்லை. கிக்கர் ஒரே சீராக அடிவரை போய்விடுகிறது. காலையில் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சூடேறியபின் ஐட்லிங் நிற்பதில்லை. மேட்டில் மூன்றாவது கியர் இழுப்பதில்லை. புகை மட்டும் பெரிதாக இல்லை.

எஞ்சின் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், வால்வைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டுக்குள், இரண்டு வால்வு. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 8.8. இந்த அளவுகள் பின்னால் கணக்குக்குத் தேவைப்படும்.

இப்படிப்பட்ட அறிகுறியைக் கேட்டதும் “ரிங் போயிருக்கும், போர் போட்டுடலாம்” என்ற பதில்தான் முதலில் வரும், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிவிடலாம் என்று. பாதி நேரம் அது தவறு. அடைத்து வைத்த காற்று வெளியேற நாலைந்து வழிகள்தான் உண்டு: இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட், பிளக் ஓட்டை. எந்த வழியாகப் போகிறது என்பதை ஹெட்டைக் கழற்றாமலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கழற்றிவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. கேஸ்கெட் கிழியும், வால்வு இடுக்கில் சிக்கியிருந்த கரி உதிரும், அதனால் எது பழுது, எது கழற்றும்போது நேர்ந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

கம்ப்ரஷன் கேஜ் எடுப்பதற்கு முன்னால்

ஆயில் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்காமல் இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். பெட்ரோல் போர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அந்தப் படலம் இல்லாமல் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கம்ப்ரஷன் பிடிக்காது. இதற்கு மருந்து புது நீடிலும் புது ஆயிலும்தான். ஒரு ரிங் செட்டே தேவைப்படாத இடத்தில் போர் போட்ட எஞ்சின்களில் கணிசமானவை இந்த வகை.

அடுத்து பிளக். அடியில் வாஷர் இருக்கிறதா, திரெட் முழுதும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைச் சுற்றி ஈரமான கருப்பு வளையம் தெரிந்தால் அங்கே கசிவு உண்டு.

கிக் எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றுத் திறந்துவைக்கும் டீகம்ப்ரஷன் லீவர் உள்ள பழைய வண்டியாக இருந்தால், கேபிளுக்கு ஆட்டம் இருக்கிறதா என்பது முக்கியம். கேபிள் இறுகியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். கேம் தண்டிலேயே தானியங்கி டீகம்ப்ரஷன் அமைப்பு கொண்ட எஞ்சின்களும் உண்டு. கிக் வேகத்தில் அது வேலை செய்வதால் அவற்றில் கேஜ் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அந்த வகைக்குக் கையேட்டில் தனி அளவு போட்டிருப்பார்கள்.

கேஜ் சொல்வது

திருகாமல் ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜை ஒதுக்கிவிடுங்கள். பிளக் திரெட்டில் முறுக்கும் வகைதான் நம்பகமானது. பிளக்கின் விட்டம் 10, 12 அல்லது 14 மி.மீ. இருக்கும். திரெட் நீளமும் பிளக்கின் நீளத்துக்கு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் தட்டும், குறைந்தால் அந்த வெற்றிடம் அறையோடு சேர்ந்து அளவைக் குறைக்கும்.

சிறிய எஞ்சினில் கேஜே பொய் சொல்ல வாய்ப்பு உண்டு. இந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம், 97.2-ஐ 7.8-ஆல் வகுத்தால், 12.5 மி.லி. மட்டுமே. கேஜின் ஒருவழி வால்வு குழாயின் பிளக் முனையில் இல்லாமல் மீட்டர் பக்கம் இருந்தால், குழாய்க்குள் இருக்கும் இடம் முழுவதும் இந்த 12.5 மி.லி.யோடு சேர்ந்துகொள்ளும். குழாயில் 4 மி.லி. இருந்தாலே விகிதம் 8.8-லிருந்து 6.9-க்கு இறங்கிவிடும். கார் எஞ்சினில் சரியாகக் காட்டிய கேஜ் பைக்கில் குறைவாகக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஒருவழி வால்வு தேய்ந்தது என்று டயர் வால்வு ஊசியை மாற்றிப் போடுவதும் தவறு. டயர் ஊசியின் ஸ்பிரிங் கடினமானது. கேஜுக்கென்று வரும் மென்மையான ஸ்பிரிங் ஊசிதான் போட வேண்டும்.

அளக்கும் முறை இது. எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பிளக்கைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் திரெட்டும் கூடவே வரும். பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கிக்கும் பெட்ரோலை உறிஞ்சிப் போரைக் கழுவும். கில் சுவிட்சை அணைத்து, கழற்றிய பிளக்கைத் தொப்பியோடு சேர்த்து ஹெட்டின் உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் வயரைத் தொங்கவிட்டுக் கிக் அடித்தால் ஸ்பார்க் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டி பாழாகலாம். சோக் போடாமல் காற்று வழி திறந்திருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடிக்க வேண்டும். இதை மறந்தால் அளவு மிகவும் குறைவாக வரும், ஏனென்றால் உள்ளே போகவே காற்று இல்லை. பிறகு ஒரே வேகத்தில் ஏழெட்டு கிக்குகள், முள் மேலே ஏறுவது நிற்கும் வரை.

இறுதி எண்ணை மட்டும் குறித்துவைப்பது போதாது. முதல் கிக்கில் எவ்வளவு, மூன்றாவதில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள். ரிங் தேய்ந்த எஞ்சின் முதல் கிக்கில் குறைவாகக் காட்டி ஒவ்வொரு கிக்கிலும் படிப்படியாக ஏறும். வால்வு கசிகிற எஞ்சின் முதலிலும் குறைவு, அதன்பின்னும் அங்கேயே நின்றுவிடும்.

இந்த எஞ்சின் காட்டியது 45, 68, 72 பி.எஸ்.ஐ. எட்டு கிக்குக்குப் பிறகும் 72-ஐத் தாண்டவில்லை. 8.8 விகிதம் உள்ள எஞ்சினுக்கு 130-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. 100-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சிரமம். எல்லா எஞ்சினுக்கும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. விகிதம் 6.5 சுற்றி இருக்கும் மிகப் பழைய எஞ்சின்களில் 100 பி.எஸ்.ஐ. வந்தாலே ஆரோக்கியம்தான். இடத்தின் உயரமும் கணக்கில் வரும். 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு, கேஜ் அளவும் அதற்கேற்ப இறங்கும். கையேடு கி.கி./ச.செ.மீ. என்று போட்டிருந்தால் 14.2-ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. கிடைக்கும். பார் என்றால் 14.5.

டேப்பட்: சத்தம் இல்லாததுதான் ஆபத்து

எஞ்சின் முழுதாக ஆறியபின், அதாவது ஓர் இரவு கழித்து, டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி. பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும். கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட்டின் உச்சிக் குறி இரண்டு முறையும் ஒரே மாதிரி பொருந்தி நிற்கும். தவறான உச்சியில் இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும். அங்கே இடைவெளி வைத்தால் எஞ்சின் கடகடவென்று அடிக்கும்.

வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் ஆடினால் சரியான உச்சி என்று சொல்வது வழக்கம். எக்ஸாஸ்டில் இடைவெளியே இல்லாமல் போன எஞ்சினில் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும், ஏனென்றால் அந்த ராக்கர் எங்கேயும் ஆடாது. அதற்குப் பதிலாக இன்லெட் ராக்கரைப் பாருங்கள். எஞ்சின் ஓடும் திசையில் மேக்னட்டைத் திருப்பும்போது இன்லெட் வால்வு அமுங்கி, மீண்டும் எழுந்தபின் அடுத்து வரும் உச்சிக் குறிதான் நமக்கு வேண்டியது.

கையேட்டு அளவு இரண்டுக்கும் 0.05 மி.மீ. இன்லெட்டில் 0.05 தடிமன் ஃபீலர் தகடு லேசான பிடிப்போடு போனது. எக்ஸாஸ்டில் 0.03-கூட நுழையவில்லை.

வால்வு தலையும் அது அமரும் சீட்டும் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும். தண்டின் முனை ராக்கரை நெருங்கும், இடைவெளி குறையும், டேப்பட் சத்தமும் அடங்கும். எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று மகிழ்ச்சியாக ஓட்டுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சூடேறித் தண்டு நீண்டதும் இடைவெளி இல்லாத வால்வு சீட்டில் முழுதாக அமராது. வெப்பம் போக வழியில்லாத அந்த வட்டத்தின் ஏதோ ஓர் ஓரத்தில் தீ புகுந்து அரிக்கத் தொடங்கும். சத்தம் போடும் டேப்பட் காதுக்குத் தொந்தரவு. சத்தமே போடாத டேப்பட் வால்வுக்கு எமன்.

இடைவெளியை 0.05-க்கு வைத்து, மீண்டும் சூடாக்கி அளந்தபோது 86 பி.எஸ்.ஐ. பதினான்கு ஏறியது, ஆனால் போதவில்லை. அரிப்பு தொடங்கியபின் இடைவெளியைச் சரிசெய்தால் அரித்த உலோகம் திரும்ப வளராது. இதே இடத்தில் 130-க்கு மேல் ஏறியிருந்தால் வேலை இத்தோடு முடிந்திருக்கும்.

டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். உச்சிக் குறி பொருந்தும்போது கேம் ஸ்ப்ராக்கெட் குறியும் ஹெட்டின் குறியும் நேராக இருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் என்றால், ஒரு பல் தாண்டினால் கேம் 12.9 டிகிரி, கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 26 டிகிரி தள்ளிப்போகும். இன்லெட் அவ்வளவு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதி மேலேறும் பிஸ்டனால் கார்புரேட்டருக்கே திருப்பித் தள்ளப்படும். எந்தப் பாகமும் பழுதாகாமலே கம்ப்ரஷன் குறையும் இடம் இது. இங்கே குறிகள் சரியாக இருந்தன.

ஆயில் சோதனையில் உள்ள கணக்கு

பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி அளந்து பார், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது. பெரிய எஞ்சினுக்குச் சரி. 100 சி.சி. எஞ்சினில் அப்படியே செய்தால் நல்ல ரிங்குக்கும் மரண தண்டனை கிடைத்துவிடும்.

ஒரு டீஸ்பூன் 5 மி.லி. ஆயில் அமுங்காது, அது உள்ளே இடத்தை அடைத்துக்கொள்ளும். 12.5 மி.லி. அறையில் 5 மி.லி. ஆயில் நின்றால் மிச்சம் 7.5 மி.லி.தான். விகிதம் 8.8-லிருந்து 14-க்கு எகிறிவிடும். ரிங் எப்படி இருந்தாலும் முள் ஏறத்தான் செய்யும், ஏறியதைப் பார்த்து ரிங் போச்சு என்று முடிவுகட்டிவிடுவார்கள். 350 சி.சி., 8.5 விகித எஞ்சினில் அறை 46 மி.லி.க்கு மேல் இருப்பதால் அதே 5 மி.லி. விகிதத்தை 9.4-க்குத்தான் உயர்த்தும், அங்கே சோதனை செல்லுபடியாகும்.

அதனால் சிறிய எஞ்சினுக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மி.லி. மட்டும். முனையில் மெல்லிய குழாய் மாட்டி, போர் சுவரை ஒட்டிச் சுற்றிலும் விடுங்கள். பிளக்கை மாட்டாமல் நாலைந்து முறை கிக்கரை மெதுவாக இறக்கி ஆயிலைப் பரப்பிவிட்டு அளக்க வேண்டும்.

இங்கே 86-லிருந்து 102 ஆனது. ஏறக்குறைய பத்தொன்பது சதவீத ஏற்றம். ரிங் என்று சொல்லிவிடலாமா? 2 மி.லி. ஆயில் இந்த அறையில் நிற்கும்போது விகிதம் 10.3 ஆகிறது. அதுவே பதினேழு சதவீதம் கூடுதல். அதாவது ஏறியதில் ஏறக்குறைய எல்லாமே ஆயில் அடைத்த இடத்தின் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ரிங் கூடுதலாக அடைத்ததற்கு அடையாளம் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. சந்தேகம் வால்வு பக்கம் வலுத்தது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாக இருக்காது, ஆயில் போர்ட் வழியாக வழிந்துவிடும். அங்கே வால்வு இல்லாததால் ரிங், போர், ஹெட் கேஸ்கெட் என்று மூன்றே சந்தேகங்கள்தான். கிராங்க் ஆயில் சீல் கசிவது இந்த கேஜில் தெரியாது. அதற்குக் கிராங்க் கேஸை அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

காற்றை ஊதிக் காதால் கேட்பது

இனி லீக்டவுன். கம்ப்ரஷன் கேஜ் எவ்வளவு என்று சொல்லும், லீக்டவுன்தான் எங்கே என்று சொல்லும். இரண்டு மீட்டர்கள், நடுவில் 1 மி.மீ. துளை. முதல் மீட்டர் கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தம், இரண்டாவது சிலிண்டருக்குள் தங்கும் அழுத்தம். முதலாவதில் 5 பார் வைத்து இரண்டாவது 4.5 காட்டினால் கசிவு 10 சதவீதம். 10-க்குள் இருந்தால் நல்ல எஞ்சின், 20 வரை ஓடும், 30-ஐத் தாண்டினால் திறக்க வேண்டியதுதான். டெஸ்டர் இல்லையென்றால், பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த உலோக உடலில் காற்றுக் குழாய் நிப்பிளைப் பற்றவைத்து, எண் இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்கலாம். பாதித் தகவல் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 50 மி.மீ. பிஸ்டனின் தலைமேல் 5 பார் என்றால் ஏறக்குறைய 100 கிலோ சுமை. உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுழலும். மேக்னட் நட்டில் ஸ்பேனரை விட்டுவைத்திருந்தால் அது கையை உடைக்கும். கிக்கர் பக்கமும் கால் இருக்கக் கூடாது. டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்தபின், அழுத்தத்தை 1 பாரிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

காற்று போகும்போது 30 செ.மீ. ரப்பர் குழாயைக் காதில் வைத்து மூன்று இடங்களில் கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்லெட். சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் வாயிலோ, கிராங்க் கேஸின் காற்று வெளியேறும் ப்ரீதர் குழாயிலோ வந்தால் ரிங். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் சோப்பு நீர் தடவினால் கேஸ்கெட் கசிவு குமிழ் விடும். பல வண்டிகளில் ப்ரீதர் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டியில் போய்ச் சேரும். அதைக் கழற்றாமல் கேட்டால் ரிங் வழியாக வரும் காற்று கார்புரேட்டர் பக்கம் சத்தம் கொடுத்து, நல்ல இன்லெட் வால்வின் மேல் பழி விழும். முதலில் அந்தக் குழாயைப் பிடுங்கி வெளியே விடுங்கள்.

இந்த எஞ்சினில் இரண்டாவது மீட்டர் 3.1 பார், கசிவு 38 சதவீதம். சைலன்சரில் கையை வைத்தால் காற்று உள்ளங்கையில் தெளிவாகப் பட்டது. கார்புரேட்டரில் ஒன்றுமில்லை. ப்ரீதரில் மெல்லிய மூச்சு. ரிங் வழியாகக் கொஞ்சம் எப்போதும் போகும், அதனால் அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

திறக்கும் முன் கடைசியாக ஒன்று: அழுத்தத்தை இறக்கிவிட்டு எக்ஸாஸ்ட் ராக்கரைப் பிளாஸ்டிக் சுத்தியால் இரண்டு மூன்று முறை லேசாகத் தட்டி வால்வைத் திறந்து மூடச் செய்யுங்கள். சீட்டில் கரித்துண்டு சிக்கியிருந்தால் காற்றோடு பறந்து, கசிவு சட்டென்று குறையும். இங்கே 38 அப்படியே நின்றது.

ஹெட்டுக்குள்

டைமிங் செயினைக் கம்பியால் கட்டிவிட்டுத்தான் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக்குறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரு மூலையை முழுதாகத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போவதால்தான் பல ஹெட்டுகள் வளைகின்றன.

கேஸ்கெட்டில் போரிலிருந்து ஸ்டடு துளை வரை கருப்புத் தடம் எதுவும் இல்லை. ஹெட்டின் முகத்தில் இரும்பு ரூலரை நிறுத்தி, நீளவாக்கு, அகலவாக்கு, மூலைவிட்டம் என்று எல்லாத் திசையிலும் 0.05 ஃபீலரை நுழைத்துப் பார்த்ததில் எங்கும் போகவில்லை. போயிருந்தால் தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, ஆயில் தொட்டு, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

வால்வுகளைக் கழற்றாமலே போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றியபோது இன்லெட் பக்கம் ஐந்து நிமிடமும் உலர்ந்திருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் பத்து நொடியில் சொட்டியது, அதுவும் வட்டத்தில் ஒரே இடத்திலிருந்து. வால்வை எடுத்துப் பார்த்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. சீட்டில் அமரும் சாம்பல்நிற வளையம் சுற்றிலும் ஒழுங்காக வந்து, சைலன்சர் பக்கமாக ஓரிடத்தில் 4 மி.மீ. அளவுக்கு அறுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் ஓரம் நகத்தால் கிள்ளியதுபோல் உள்வாங்கி, வெளிறிய மஞ்சளாக இருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் இறங்கி ஏறுவது தெரிந்தது. சீட்டிலும் அதற்கு நேர் எதிரே கருப்புக் கோடு.

வால்வை எடுக்கும்போது தண்டின் முனை அடிபட்டுக் குடைபோல விரிந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மெல்லிய அரத்தால் வழித்துவிட்டே கைடு (தண்டு ஏறி இறங்கும் குழாய்) வழியாக உருவுங்கள். அப்படியே இழுத்தால் கைடு கீறும்.

இந்த மாதிரி வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண். பள்ளம் மறையும் வரை தேய்த்தால் சீட் அகன்று, வால்வு இன்னும் உள்ளே போய், ஓரத் தடிமன் 0.5 மி.மீ.க்குக் கீழ் வந்துவிடும். மெல்லிய ஓரம் மறுபடியும் சீக்கிரம் எரியும். வால்வு புதிது. அதைக் கைடில் விட்டு, 10 மி.மீ. வெளியே தூக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, கைடு தேவலாம் என்று உறுதிசெய்தபின்தான் சீட்டைத் தொட வேண்டும். கைடு ஆடினால் முதலில் கைடு, பிறகு சீட் கட்டிங், கடைசியில்தான் பேஸ்ட். வரிசை மாறினால் சீட் வெட்டியது வீண், ஏனென்றால் கட்டரின் மையத்தைப் பிடிப்பதே கைடுதான்.

சீட்டை 45 டிகிரி கட்டரால் கருப்புக் கோடு மறையும் வரை மட்டும் எடுத்து, 30, 60 டிகிரி கட்டர்களால் அகலத்தை 1.1 மி.மீ.க்குக் கொண்டுவந்தாயிற்று. பிறகு மெல்லிய பேஸ்ட். ரப்பர் கப் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் பேஸ்ட் துகள்கள் வளையம் வளையமாகக் கோடு போடும். தொடக்கத்தில் கரகரவென்று வரும் சத்தம் மெதுவாக வழவழப்பாக மாறும், அப்போது துடைத்துப் பாருங்கள். பளபளப்பில்லாத சாம்பல் வளையம் எங்கும் அறுபடாமல் ஒரே அகலத்தில் இருந்தால் போதும், அதற்குமேல் தேய்க்க வேண்டாம். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். கைடுக்குள் தங்கினால் அது அங்கேயும் தேய்த்துக்கொண்டே இருக்கும். புது ஸ்டெம் சீல் போட்டு, மறுபடி மண்ணெண்ணெய் சோதனை: பத்து நிமிடம், உலர்ந்த முகம்.

போரைக் கழற்ற வேண்டுமா?

ஆயில் சோதனைப்படி அவசியமில்லை. ஆனாலும் ப்ரீதரில் அந்த மெல்லிய மூச்சு கேட்டது. ஹெட் வெளியே வந்தபின் பிளாக்கை உருவ இன்னும் ஒரே ஒரு கேஸ்கெட்தான் செலவு. ஹெட் மட்டும் புதிதாக இறுக்கமானால், இதுவரை எப்படியோ சமாளித்த தேய்ந்த ரிங் ஆயில் குடிக்கத் தொடங்குவதும் நடக்கும். அதனால் அளந்து பார்ப்பதே சரி.

போர் கேஜ் இல்லாமல் ரிங்கை வைத்தே போரை அளக்கலாம். மேல் ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலரால் அளக்க வேண்டும். முதலில் ரிங் உச்சியில் வந்து நிற்கும் இடம், மேல் விளிம்பிலிருந்து 10 மி.மீ. சுற்று. தேய்மானம் அங்கேதான் அதிகம். பிறகு ரிங் போகாத அடிப்பகுதி, அது ஏறக்குறைய புதிதாகவே இருக்கும்.

பழைய ரிங்: மேலே 0.48, கீழே 0.30. புது ரிங்: மேலே 0.38, கீழே 0.20. இரண்டு ரிங்கிலும் வித்தியாசம் அதே 0.18, அது போரின் தேய்மானம். ரிங் வாய் விரிவது சுற்றளவு கூடியதால், எனவே 0.18-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கூடிய அளவு: 0.057 மி.மீ. பழையதற்கும் புதியதற்கும் ஒரே இடத்தில் உள்ள 0.10 வித்தியாசம் ரிங்கின் சொந்தத் தேய்மானம். நான்கு அளவில் போரும் ரிங்கும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிட்டன.

போர் தேய்மானத்துக்குப் பொதுவான எல்லை 0.1 மி.மீ., ரிங் வாய்க்கு 0.5. போர் உள்ளேயே இருக்கிறது, பழைய ரிங் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரீபோர் வேண்டாம், ஸ்டாண்டர்டு ரிங் செட் போதும். 0.1-ஐத் தாண்டியிருந்தால் 0.25 ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதன் அளவுக்குப் போர் போடச் சொல்ல வேண்டும். போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது.

பிஸ்டனின் ரிங் காடிகளில் கரி தட்டியிருந்தது. பழைய ரிங்கை உடைத்து அதன் முனையால் சுரண்டலாம், ஆனால் காடியின் பக்கச் சுவரைத் தொடாமல். புது ரிங்கைக் காடியில் வைத்துப் பக்க இடைவெளி 0.04. இது 0.1-ஐத் தாண்டினால் ரிங் மாற்றியும் பயனில்லை, பிஸ்டனும் மாற வேண்டும். போரின் மேல் விளிம்பில் ரிங் தொடாத இடத்தில் படிக்கட்டு இருந்தால் அதை எடுக்காமல் புது ரிங் போடாதீர்கள். புது ரிங்கின் கூர்மையான விளிம்பு அதில் மோதி உடையும்.

பளபளப்பான போரில் புது ரிங் பதியாது. ஹோனைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் வேகமாக ஓட்டி, குறுக்குக் கோடுகள் ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்டும்படி பத்துப் பதினைந்து நொடி மட்டும். அதற்குப் பின் பெட்ரோலால் துடைத்தால் ஹோன் தூள் கோடுகளுக்குள்ளேயே படிந்துவிடும். சுடுநீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறம் காட்டாத வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். காய்ந்த உடனே ஆயில் தடவுங்கள். பத்து நிமிடத்தில் துரு பூக்கும்.

பூட்டும்போது

ரிங்கில் எழுத்து பொறித்த பக்கம் மேலே. ஆயில் ரிங்கின் நெளிவான நடுத்தகட்டின் முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. ரிங் வாய்கள் 120 டிகிரி இடைவெளியில். பிஸ்டன் தலையில் பெரிய வால்வுப் பள்ளம் இன்லெட் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடித்துவைக்கும் லாக் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்த பிறகே லாக்கைக் கழற்றவோ மாட்டவோ வேண்டும். உள்ளே விழுந்த ஒரு லாக்குக்காக எஞ்சினையே பிளக்க நேரும்.

ஹெட் நட்டுகளைக் குறுக்காக மூன்று கட்டமாக இறுக்குங்கள். 8 மி.மீ. ஸ்டடுக்கு 20 நியூட்டன் மீட்டர் சுற்றி வரும், ஆனால் கையேட்டு எண்தான் முடிவு. டைமிங் குறிகளைப் பொருத்தியபின் மேக்னட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, குறிகள் திரும்ப அதே இடத்துக்கு வருகின்றனவா, எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் கிக் அடிக்காதீர்கள்.

பூட்டிய அன்று கேஜ் 138. முதல் 100 கி.மீ.க்கு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், கொஞ்சம் இழுக்கவிட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டரை விட்டு, நடுநடுவே முழுதாக ஆறவிட்டு ஓட்ட வேண்டும். ரிங்கைப் போரோடு அழுத்துவது அதன் பின்னால் புகும் எரிவாயு அழுத்தம்தான் என்பதால், வெறும் ஐட்லிங்கில் விட்டுவைத்தால் ரிங் பதியாது. 100 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள், வடியும் ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு இருப்பது இயல்பு.

500 கி.மீ. முடிந்ததும் அதே கேஜ், அதே சூடு, முழு ஆக்சிலேட்டர்: 118, 149, 156 பி.எஸ்.ஐ. லீக்டவுன் 9 சதவீதம், சைலன்சரில் சத்தம் இல்லை. எக்ஸாஸ்ட் இடைவெளி 0.05-லிருந்து 0.04-க்கு இறங்கியிருந்தது. புது வால்வு புதுச் சீட்டில் பதிந்த கணக்கு அது. மீண்டும் 0.05-க்கு வைத்தாயிற்று, அடுத்து 1000 கி.மீ.யில் ஒருமுறை பார்க்க வேண்டும்.